பள்ளிக்கூடம் தந்த கணினியும் நம் பிள்ளைகளின் க்ஷேமமும்

(இடையஞ்சாவடியில் நடைபெற்ற நமது சங்கத்தின் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நமது சங்கத்தின் கூட்டங்களில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுவது புதிதன்று. ஆயினும் இன்று பேசும்படி எனக்கு இட்ட விஷயம் நம் முன்னோர் நினைத்தும் பாராதது. பள்ளிக்கூடமும் கல்லூரியும் நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கின்ற மடிக்கணினி, டேப்லெட் முதலிய கருவிகளை அவர்கள் தீங்கின்றி உபயோகிப்பது எங்ஙனம் என்பதே அது. இவ்வூராரும், மரக்காணம் உப்பளக் கரையிலுள்ள ஊர்களினின்று சிரமம் பாராது வந்த குடும்பத்தாரும் இங்கே கூடியிருக்கின்றீர்கள். உங்களுள் அநேகர் இக்கருவியைத் தொட்டும் பாராதவர்கள். ஆகையால் இது படித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ளவேண்டிய சங்கதி என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை இப்போதே விட்டுவிடும்படி வேண்டுகின்றேன். தனக்கு நேர்ந்ததைப் பிள்ளை அஞ்சாமல் வந்து சொல்லத்தக்க ஒரு பெரியவர் வீட்டில் இருப்பாரானால், அவர் எழுத்தறியாதவராயினும், அப்பிள்ளைக்குப் பாதிக் காவல் கிடைத்துவிட்டது. அத்தகையவர் இல்லாத வீட்டில் எவ்வளவு உயர்ந்த யந்திரப் பூட்டும் பிள்ளையைக் காவாது. நான் சொல்லவந்ததன் சாரம் இவ்வளவே.

முதலில் இக்கருவி நம்மிடம் வந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகின்றேன். தமிழ்நாட்டு அரசாங்கம் 2011ஆம் வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி, அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் மாணாக்கருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்காட் நிறுவனத்தின் மூலமாய் வாங்கப்பட்ட இக்கருவிகள், பின்வந்த வருஷங்களில் ஐம்பது லக்ஷத்திற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பே கைக்கருவிக்குள் வந்துவிட்டது. மேல் வகுப்புகள் 2021 செப்டம்பரிலும் கீழ் வகுப்புகள் நவம்பரிலும் திறக்கப்படும்வரை, செல்போன் இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை கல்வித் தொலைக்காட்சியை நம்பியிருந்தது. ஹரியானா அரசாங்கம் 2022ஆம் வருஷத்தில் பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணாக்கர் சுமார் 5 லக்ஷம் பேருக்கு டேப்லெட் கொடுத்து, படிப்பு முடிந்ததும் திருப்பித் தரவேண்டுமென்று விதித்தது. நம் மாகாணத்தில் 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் 20 லக்ஷம் கல்லூரி மாணாக்கருக்குக் கருவி தருவதாக அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் வழங்குதல் தொடங்கிற்று.

நம்மவர் வீடுகள் பலவற்றில் நுழைந்த முதற்கணினி இவ்வாறு பிள்ளையின் பையில் வந்ததே. அதனால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விண்ணப்பம் எழுதவும், பரீட்சை முடிவு பார்க்கவும், உதவிச் சம்பளத்துக்கு மனுச் செய்யவும் பிறர் வாசலில் நின்ற குடும்பங்கள், தம் மகளைக் கொண்டே அவற்றைச் செய்துகொள்ளுகின்றன. ஆனால் இங்கே ஒரு மயக்கமும் உண்டு. கடையில் வாங்கிய செல்போனைச் சந்தேகத்தோடு பார்க்கும் தகப்பனார், அரசாங்க முத்திரை பொறித்த கணினியைப் பாடப்புஸ்தகத்தைப் போல் எண்ணி, அதனை முற்றும் நம்பிவிடுகின்றார். பாடப்புஸ்தகத்தின் ஏடுகள் எண்ணி முடிந்தவை. அதனுள் வேற்று மனிதர் புகமுடியாது. இணையத்தோடு சேர்ந்த கணினியோ ஒரு வாசல். பள்ளிக்கூடம் அவ்வாசலைக் கொடுத்ததேயன்றி, இரவில் அவ்வாசலிலே காவல் இருக்க ஒரு உபாத்தியாயரையும் உடன் அனுப்பவில்லை.

இவ்வாசல் வழியாய் வரக்கூடிய தீங்குகளை மூன்று வகையாகப் பகுத்துச் சொல்லுகின்றேன்.

முதலாவது, கருவியைக் கொடுத்தவரிடமிருந்தே வரக்கூடியது. இதற்கு அமெரிக்க தேசத்தில் நடந்த ஒரு வழக்கு நல்ல திருஷ்டாந்தம். பென்சில்வேனியா மாகாணத்தில் லோயர் மெரியன் என்ற பள்ளி நிர்வாகம், தன் உயர்நிலைப் பள்ளிகளில் படித்த ஏறக்குறைய 2,300 மாணாக்கருக்கு மடிக்கணினி கொடுத்திருந்தது. கணினி களவு போனால் கண்டுபிடிப்பதற்கென்று அதனுள் ஒரு ஏற்பாடு வைத்தார்கள். அதனை முடுக்கிவிட்டால், கணினியின் காமிரா சில நிமிஷங்களுக்கு ஒரு முறை தானே படமெடுத்துப் பள்ளிக்கு அனுப்பும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதனைத் தெரிவிக்கவில்லை. 2009 நவம்பரில் ஒரு மாணவனைப் பள்ளி அதிகாரி அழைத்து, அவன் தன் வீட்டில் ஏதோ தகாத காரியம் செய்ததாகக் கூறியபோதே, அவன் அறைக்குள் எடுத்த படம் பள்ளியில் இருக்கின்றதென்ற விஷயம் வெளியாயிற்று. 2010 பிப்ரவரியில் வழக்குத் தொடுக்கப்பட்டது. விசாரித்ததில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் அவ்வாறு சேர்ந்திருந்தமை தெரிந்தது. உறங்கும் பிள்ளையின் படமும் அவற்றுள் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் 6,10,000 டாலர் கொடுத்து நிர்வாகம் வழக்கை முடித்துக்கொண்டது. களவைத் தடுக்கவென்று நல்லெண்ணத்தோடு வைத்த ஏற்பாடே இங்ஙனம் முடிந்ததென்பதை நாம் மறத்தல் கூடாது.

இது தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிட இயலாது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்னும் சர்வதேச ஸ்தாபனம், கொரோனாக் காலத்தில் 49 நாட்டு அரசாங்கங்கள் பிள்ளைகளுக்குச் சிபார்சு செய்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, 2022 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் பத்துக்கு ஒன்பது வீதம், பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைக் கையாண்ட விதத்தால் அவர்களுடைய உரிமைக்கு ஊறு விளைப்பனவாயிருந்தன என்று அது கூறிற்று. நம் தேசத்துத் ‘தீக்ஷா’ செயலியும் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. பிள்ளை எங்கே இருக்கின்றது, எந்நேரம் படிக்கின்றது, எதைப் பார்க்கின்றது என்னும் விவரங்களுக்கு வியாபார உலகில் விலை உண்டு. இதனை உணர்ந்தே நம் பாராளுமன்றம் 2023இல் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்றும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனித்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் கூடாதென்றும் விதித்திருக்கின்றது.

இரண்டாவது, அந்நியரிடமிருந்து வருவது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இலும் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டிலும் சட்டம் செய்தன. ஆகவே அதைக் குறித்து அதிகம் பேசாமல், பெற்றோர் அதிகம் அறியாத வேறொன்றைச் சொல்லுகின்றேன். பிள்ளைகள் விளையாடும் சாதாரண ஆட்டங்களிலும், பாட்டுக்கும் படத்துக்கும் என்றுள்ள செயலிகளிலும், விளையாடிக்கொண்டே பிறரோடு பேசும் வசதி இருக்கின்றது. துஷ்டன் ஒருவன் தன்னையும் பள்ளி மாணவன் என்றோ மாணவி என்றோ சொல்லிக்கொண்டு அங்கே வருவான். முதலில் ஆட்டத்தில் உதவி செய்வான், பிள்ளையைப் புகழுவான், வீட்டில் திட்டினார்கள் என்று பிள்ளை சொன்னால் ஆறுதல் கூறுவான். பிறகு, வேறு செயலியில் தனியே பேசலாம் என்பான். இதை அம்மாவிடம் சொல்லாதே என்பான். அப்புறம் ஒரு படம் கேட்பான். படம் கைக்கு வந்த மறுநாளே அவனுடைய குரல் மாறிவிடும். பணம் கொடு, இன்னும் படம் கொடு, இல்லாவிடில் உன் வகுப்பார் எல்லாருக்கும் இதனை அனுப்புவேன் என்று மிரட்டுவான். பெண் பிள்ளைகளைப் போலவே ஆண் பிள்ளைகளும் இந்த வலையில் விழுகின்றார்கள். இப்பொழுது பிள்ளை படம் அனுப்பவேண்டுமென்பதும் இல்லை. பள்ளி விழாவில் எடுத்த படத்தினின்று முகத்தை மட்டும் எடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பொய்யுடல் சேர்த்து மிரட்டுதல் எளிதாகிவிட்டது.

மூன்றாவது தீங்கு, நம் வீட்டிலேயே பிறப்பது. அது பிள்ளையின் மௌனம். 2021 மே மாதத்தில் சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர், இணைய வகுப்புகளிலும் செய்திகளிலும் மாணவியரிடம் தகாதவாறு நடந்துகொண்டார் என்ற புகாரில் கைது செய்யப்பட்டார். அப்புகார்கள் வெளிவந்தது, பழைய மாணவி ஒருத்தி துணிந்து பொதுவில் பேசிய பின்னரே. அவளைத் தொடர்ந்து வேறு பள்ளிகளின் பிள்ளைகளும் தத்தம் குறைகளைச் சொல்ல முன்வந்தார்கள். இணைய வகுப்புகளைப் பதிவு செய்து வைக்கவேண்டுமென்று அரசாங்கம் உத்தரவிட்டது அதற்கப்பால்தான். பிள்ளைகள் சொன்னது அப்பொழுது; அவர்கள் பட்டது எப்பொழுது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? வெட்கத்தால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அவர்களைக் கேட்டால் வேறு விடை வரும். சொன்னால் கணினியைப் பிடுங்கிக்கொள்வார்கள். சொன்னால் அடி விழும். சொன்னால் பள்ளியை விட்டு நிறுத்துவார்கள். பெண் பிள்ளைக்கு இவற்றுக்கு மேலும் ஒன்று உண்டு: சொன்னால் அவசர அவசரமாய் மாப்பிள்ளை தேடுவார்கள். சபையோர் மன்னிக்கவேண்டும். நம் சமூகத்தில் இது நடப்பதில்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்? பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதும் அந்த அவசரத்தில் மறந்துபோகின்றது. குற்றம் செய்தவன் எங்கோ சுகமாயிருக்க, தண்டனை முழுவதையும் பிள்ளைக்கு நாமே கொடுத்துவிடுகின்றோம். மிரட்டுகின்றவன் இதனை நன்றாய் அறிவான். அவனுக்குக் கத்தியும் கழியும் வேண்டா. குல மானத்துக்கு நாம் படும் அச்சமே அவன் போட்ட முதல். அதைக் கொண்டே அவன் வியாபாரம் நடக்கின்றது.

இதற்குப் பரிகாரமாகச் சில சமூகத்தார் கருவியையே விலக்க நினைத்ததுண்டு. குஜராத்தில் பனாஸ்காண்டா மாவட்டத்து தாந்திவாடா வட்டத்தில், 12 கிராமங்களைச் சேர்ந்த தாகோர் சமூகத்தார் 2019 ஜூலை மாதத்தில் கூடி, மணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருத்தல் கூடாதென்று தீர்மானித்தார்கள். அச்செய்தி தேசமெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில், கோழிக்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலைநேரம் செல்போன் கூடாதென்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வியுரிமையைச் சேர்ந்ததென்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரண்டுள் எவ்வழியில் நம் சங்கம் செல்லவேண்டும்? பெண்ணின் கையினின்று கணினியைப் பிடுங்கினால் அவளுக்குத் தீங்கு குறையாது; படிப்பே குறையும். தம்பியின் செல்போனிலோ தோழியின் செல்போனிலோ அவள் மறைவாகப் பார்ப்பாள். மறைவாகப் பார்த்ததில் தீங்கு வந்தால் சொல்லவும் மாட்டாள். ஆகவே, இத்தகைய தடைத் தீர்மானம் எதுவும் நமது சங்கத்தில் ஒருகாலும் வரலாகாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

மானம் போய்விடும் என்று அஞ்சுவோர் பொருட்டு, சட்டம் என்ன சொல்லுகின்றதென்பதைச் சிறிது விளக்குகின்றேன். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் உரியது. பிள்ளையை மின் சாதனங்களின் வழியாய் விடாது தொடர்தலும், ஆபாசம் காட்டுதலும், பிள்ளையின் உடலைக் காட்டும் படத்தை வெளியிடுவதாய் மிரட்டுதலும் அதில் குற்றங்கள். அப்படம் மெய்யானாலும் புனைந்ததானாலும் குற்றமே என்று சட்டம் வெளிப்படையாய்ச் சொல்லுகின்றது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்கவேண்டும். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்கவேண்டும். அவர் சீருடையில் வருதல் கூடாது. தாய் தந்தையர் உடன் இருக்கலாம். பிள்ளையை இரவில் போலீஸ் நிலையத்தில் வைத்தலாகாது. பிள்ளையின் பெயரையோ, ஊரையோ, பள்ளியையோ பத்திரிகையில் வெளியிடுதலும் குற்றம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். பிள்ளையின் மானத்தைக் காக்க நாம் செய்யும் மறைப்பைவிட, சட்டம் செய்துள்ள மறைப்பு உறுதியானது.

அதே சட்டம் நம்மையும் கட்டுகின்றது. இத்தகைய குற்றம் நடந்ததென்று அறிந்தவர் அதனைத் தெரிவிக்காவிடில் அவரும் தண்டிக்கப்படுவார். ஊர்ப் பெரியவர்கள் இரு வீட்டாரையும் உட்கார்த்திப் பேசி, அபராதம் வாங்கிக் கொடுத்து முடித்துவிட்டோம் என்று சொல்லுதற்கு இங்கே இடமில்லை. பள்ளி மாணவி ஒருத்தியைப் பற்றிய ராஜஸ்தான் வழக்கில், இரு தரப்பாரும் சமாதானமாய்விட்டனர் என்பதைக் காரணமாக்கிப் போக்சோ வழக்கை ரத்து செய்தல் தகாதென்று உச்சநீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கு முன் செப்டம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து சென்ற வேறொரு வழக்கில், பிள்ளைகளை ஆபாசமாய்க் காட்டும் படங்களைத் தன் கருவியில் வைத்திருப்பவனும் குற்றத்தினின்று தப்பமுடியாது என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று.

இனி, பிள்ளை அழுதுகொண்டு வந்து சொல்லும் நாளில் நாம் செய்யவேண்டியதைக் கிரமமாய்ச் சொல்லுகின்றேன்.

முதலில், சொன்னது நல்லதாயிற்று, உன்மேல் குற்றமில்லை என்று சொல்லுங்கள். கேள்விகளைப் பிறகு கேட்கலாம். இரண்டாவது, மிரட்டுபவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஒரு முறை கொடுத்தவரிடம் அவன் மறுமுறையும் கேட்பான். மூன்றாவது, கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அவன் எழுதிய செய்தி, அவன் வைத்துள்ள பெயர், எண், தேதி, நேரம் ஆகியவற்றைத் திரைப்படமாய்ப் பிடித்து வையுங்கள், அவையே சாட்சி. அதன்பின் பேச்சை நிறுத்தி அவனைத் தடைசெய்யுங்கள். நான்காவது, பிள்ளையின் படத்தை உறவினர்க்கோ சங்கத்தார்க்கோ, “பாருங்கள், இப்படி நடந்துவிட்டது” என்று அனுப்பவே கூடாது. நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும் அது பரவுதலேயாகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆ பிரிவின்படி அவ்வாறு பரப்புதல் குற்றம். ஐந்தாவது, பிள்ளைகள் உதவி எண்ணாகிய 1098க்குப் பேசுங்கள். பள்ளி சம்பந்தப்பட்டதாயின் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உண்டு. பணம் பறிபோயிருந்தால் 1930க்குத் தாமதமின்றிச் சொல்லவேண்டும். விரைந்து சொன்னாலே அப்பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த வழியுண்டு. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள் பிள்ளைகள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பதினெட்டு நிரம்பிய கல்லூரிப் பெண்களுக்கு 181 என்ற எண் இருக்கின்றது.

படம் பரவிவிடுமோ என்ற அச்சத்துக்கும் ஒரு பரிகாரம் உண்டு. ‘டேக் இட் டவுன்’ என்ற பெயரால் 2023 முதல் அமெரிக்கத் தர்ம ஸ்தாபனமொன்று கட்டணமின்றி ஒரு சேவை நடத்துகின்றது. படத்தை அவர்களுக்கு அனுப்பவேண்டியதில்லை. படத்தினின்று ஒரு எண்முத்திரை மாத்திரம் நம் கருவியிலேயே உண்டாக்கப்பட்டு, அவ்வெண் பெரிய சமூக வலைத்தளங்கள் சிலவற்றுக்குப் போகும். அதே முத்திரையுள்ள படம் அங்கே ஏறினால் அவர்கள் கண்டுபிடித்து நீக்குவார்கள். எல்லாத் தளங்களும் இதில் சேரவில்லை. ஆயினும் பிள்ளைக்குத் தைரியம் கொடுக்க இது பெரிய உதவி.

வீட்டில் தினந்தோறும் அனுஷ்டிக்கத்தக்க சில வழக்கங்களையும் சொல்லுகின்றேன். கணினியைப் பலர் நடமாடும் கூடத்தில் அல்லது திண்ணையில் வைத்துப் படிக்கச் செய்யுங்கள். இரவு படுக்குமுன் கணினியும் செல்போனும் தாயாரின் இடத்தில் சார்ஜ் ஏறட்டும். உப்பளத்துக்குப் போகும் குடும்பங்களில் தாயும் தந்தையும் வெயிலுக்கு முன் வேலை முடிக்கவென்று விடியுமுன்னே புறப்பட்டுவிடுகின்றார்கள். அந்த இருட்டு நேரத்தில் பிள்ளையும் கருவியும் தனியே இருக்கின்றன. புறப்படுமுன் கருவியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். பாட்டி இல்லாத வீட்டில், பக்கத்து வீட்டு உறவினரிடம் கொடுத்து, பள்ளிக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளும்படி சொல்லலாம்.

ஒரே கணினியை அண்ணனும் சித்தப்பாவும் பிள்ளையும் உபயோகிப்பது நம் கூட்டுக் குடும்பங்களில் வழக்கம். மூத்தவர் பார்த்ததன் தொடர்ச்சியையே செயலிகள் அடுத்தவருக்கும் காட்டுமென்பதை அறியவேண்டும். இரவில் மூத்தவர் பார்த்த வக்கிரத்தின் வால், காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண்முன் வரும். ஆகையால் பிள்ளைக்குக் கணினியில் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள். புதிய செயலி சேர்க்கும் அதிகாரமுள்ள கடவுச்சொல் பெரியவர் ஒருவரிடம் இருக்கட்டும். டேப்லெட்டிலும் செல்போனிலும் ‘ஃபேமிலி லிங்க்’ என்னும் ஏற்பாட்டால் நேர வரம்பு வைக்கலாம். கடவுச்சொல்லாகப் பிறந்த தேதியை வைக்கலாகாது; பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தவர் எவரும் அதனை ஊகித்துவிடுவர். வகுப்பு இல்லாத வேளையில் காமிராவின் கண்ணைச் சிறு காகிதத்தால் மூடிவைப்பதற்குக் காசு செலவில்லை. சீருடையும் பெயரட்டையும் தெரியும் படத்தை இணையத்தில் இட்டால், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கின்றது என்பதை ஊரறிய எழுதிவைத்ததாகும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் பிறருக்குக் கொடுத்துவிடும்போதும், அழித்த படத்தையும் மீட்டெடுக்கும் வித்தை உண்டென்பதை நினைவிற் கொண்டு, தெரிந்தவரைக் கொண்டு கருவியை முழுவதும் துடைத்துக் கொடுங்கள்.

இவை யாவற்றிலும் மேலான வழக்கம் ஒன்றுண்டு. தினமும் சாப்பிடும்போது, “இன்றைக்கு அதிலே என்ன பார்த்தாய்? யார் யார் பேசினார்கள்?” என்று குற்றம் காணும் தொனியின்றிக் கேளுங்கள். பிள்ளையே பாட்டிக்கு அக்கருவியைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கட்டும். தினமும் சிறிய சங்கதியைக் கேட்கும் செவிக்கே ஒரு நாள் பெரிய சங்கதி வந்து சேரும்.

பள்ளிக்கூடத்தையும் நாம் கேட்கவேண்டும். கல்வியுரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அக்குழுவில் உட்கார்ந்து தலையசைத்துவிட்டு வருவது நம் கடமையைத் தீர்க்காது. பிள்ளைக்குக் கொடுத்த கருவியில் பள்ளியார் தூரத்திலிருந்து எதையெல்லாம் பார்க்கமுடியும்? அதில் ஏற்றியுள்ள செயலிகள் பிள்ளையின் எந்த விவரத்தை எடுத்து எங்கே அனுப்புகின்றன? உபாத்தியாயர்கள் மாணாக்கரோடு தனியே வாட்ஸ்அப்பில் பேசுவதற்கு விதி என்ன? பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் பள்ளியில் யாரிடம் சொல்லவேண்டும்? இந்நான்கு கேள்விகளையும் மரியாதையாகக் கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். கேட்பதால் உபாத்தியாயருக்கு அவமதிப்பு இல்லை. நல்ல உபாத்தியாயருக்கு அது துணையே ஆகும்.

கடைசியாக, நமது சங்கம் செய்யவேண்டியதைக் குறித்து மூன்று வேண்டுகோள்கள். ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகள் தயங்காது அணுகத்தக்க ஒரு தாயாரையும் ஒரு பெரியவரையும் நியமித்து, மேற்சொன்ன உதவி எண்களையும் சேர்த்து இந்தச் சஞ்சிகையில் மாதந்தோறும் அச்சிடவேண்டும். இவ்வகைத் தீங்குக்கு ஆளான பிள்ளையின் படிப்பை எக்காரணத்தாலும் நிறுத்துவதில்லையென்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளவேண்டும். குடும்பம் கைவிட்டால் அப்பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தைச் சங்கமே ஏற்கவேண்டும். இத்தகைய விஷயங்களில் எவ்வூரிலும் நம் பேரால் பஞ்சாயத்துக் கூட்டலாகாது. குடும்பத்தாரோடு துணையாய்ப் போலீஸ் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவதே சங்கத்தாரின் வேலையாயிருக்கவேண்டும்.

சமூகத்தின் மானம் என்று நாம் இதுகாறும் போற்றிவந்ததை நான் எளிதாய் எண்ணவில்லை. அம்மானம் எதில் இருக்கின்றதென்பதே கேள்வி. தீங்குபட்ட பெண்ணை மறைத்துவைப்பதில் அது இருக்குமானால், துஷ்டர்கள் அதனை வைத்து என்றென்றும் நம்மை ஆட்டிவைப்பார்கள். அப்பெண் மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு, கணினியும் கையுமாய்த் தெருவில் தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போவதில் அது இருக்குமானால், மிரட்டுவதற்கு அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. இவ்விரண்டுள் எது நமக்கு வேண்டுமென்பதைச் சபையோர் வீட்டுக்குப் போய்த் தத்தம் மனைவி மக்களோடு கலந்து முடிவு செய்யும்படி பிரார்த்திக்கின்றேன்.